கல் என்று நான் சொன்னது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனி மாதம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சிமெண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். அந்த ஊர் ஏரிக்குள், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வருகிறவர்களின் வருகையைப் பதிந்து, காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு: வைத்தியம்! கல்யாணத்துக்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏழு மாதம் நின்றேன். அந்த ஏழு மாதத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாக ஊரையே ஆண்டுகொண்டிருந்தேன். தலைவலிக்கு இது, வயிற்றுப்போக்குக்கு அது, இடுப்புப் பிடிப்புக்கு இன்னொன்று என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் மாத்திரை பெயரைச் சொல்லிவிடுவேன். “அரை டாக்டர் வருது, வழி வுடுங்கடி!” என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குக் குளுகுளு என்றிருக்கும்.

என் எதிர்வீட்டு அக்கா ஒருவர் உண்டு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார். களை எடுத்தால் மற்றவர்கள் கரைக்குப் போன பிறகும் அவர் பாதி வயலில் இருப்பார், ஆனால் அவர் எடுத்த இடத்தில் ஒரு புல் இருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று ஊரே ஆச்சரியப்படும்.

அந்த வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில், இரண்டு பேரும் வயலில் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்து அழுத்திக் காட்டினார். உள்ளே ஒரு புளியங்கொட்டை அளவுக்கு என்னமோ தட்டுப்பட்டது.

“வலிக்குதாக்கா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள. இருக்கு, அவ்வளவுதான்.”

“வலிக்கலல்ல? அப்ப கொழுப்புக் கட்டிதான். எனக்குக்கூட முதுகுல ஒண்ணு கெடக்கு. போட்டுக் கொழப்பிக்காத!”

அவ்வளவுதான் நான் செய்த பரிசோதனை. தலைக்குச் சீயக்காய் தேய்க்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் காலையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நானும் ஆய்ந்து, பொரியல் வைத்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மறந்தே போய்விட்டேன்.

பங்குனியில் ஏரியைத் தூர் வார உத்தரவு வந்தது. பொக்லைன் இன்னும் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். நாங்கள் கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தோம். ஏரி முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்தது, மதகுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சேறு. அப்போதுதான் வனத்துறையிலிருந்து காக்கி உடுப்பில் ஒரு பெண் பைக்கில் வந்து இறங்கினார்.

“அக்கா, இந்தச் சேத்துக்குள்ள ஏரி ஆமை புதைஞ்சு கெடக்கும். கோடையில சாப்பிடாம கொள்ளாம அப்படியே உள்ளாற படுத்துக்கும். மெஷின் வந்தா நசுங்கிச் செத்துரும். அதுக்கு முன்னாடி எடுத்துடணும். நீங்க ஒத்தாசை பண்ணுவீங்களா?”

ஆமை என்றதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். எங்கள் பக்கம் ஆமை என்றாலே வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தொட்டால் பீடை, பார்த்தால் சகுனம் சரியில்லை என்று ஆளுக்கொன்று. இன்னொரு பக்கம் ஒருத்தி, “எடுத்தா கொழம்பு வைக்கலாமா?” என்று கேட்டாள். காக்கிப் பெண் சிரிக்கவே இல்லை. “ஜெயில்ல வைப்பாங்க,” என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

முதலில் சேற்றில் இறங்கியது யார் தெரியுமா? எதிர்வீட்டு அக்கா! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “உசுருதான புள்ள, வா,” என்று பொறுமையாக இறங்கிவிட்டார். அவர் இறங்கிய பிறகு நான் கரையில் நின்றால் என் மானம் என்னாவது? நானும் குதித்தேன். எங்கள் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்.

காக்கிப் பெண் எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தார். விரல் நுனியால் குத்தக் கூடாது, ஆமை கடித்துவிடும். விரல்களைச் சேர்த்துப் பட்டையாக வைத்து, வட்டம் வட்டமாகத் தடவ வேண்டும். முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி. ஒரு இடம்கூட விட்டுப்போகக் கூடாது. அதற்கு எங்கள் அக்காதான் வழி சொன்னார். நாற்று நடும்போது பிடிக்கிற கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, சேற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டி, ஒரு வரிசை முடிந்ததும் கயிற்றை நகர்த்த வைத்தார். நடவு மாதிரியே குனிந்து வரிசையாகப் போனோம்.

ஐயோ, அந்தக் காலை நேரத்தை எப்படிச் சொல்வேன்! முதல் ஆமை கிடைத்ததும் ஒருத்தி வீலென்று அலறி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பழுப்பும் பச்சையும் கலந்த ஓடு, எண்ணெய் தடவின மாதிரி வழவழப்பு. தலையை நீட்டியது பாருங்கள், நீட்டின மூக்கு! அதைப் பார்த்ததும் பயமெல்லாம் போய்விட்டது. அப்புறம் ஒரே போட்டிதான். “எனக்கு ரெண்டு!” “எனக்கு மூணுடி!” என்று ஏரி முழுக்கக் கூச்சல். எடுக்க எடுக்க ஈரச் சாக்கில் வைத்து, நிழலில் அடுக்கினோம். பக்கத்து ஊர் ஏரியில் தண்ணீர் இருந்தது, அங்கே கொண்டுபோய் விட வண்டி வந்து நின்றது. பதினோரு மணிக்குள் இருபத்திரண்டு சேர்ந்துவிட்டன. நான் எண்ணியே தொண்டை கட்டிப்போனது.

அப்போது என் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. வழவழவென்று, உருண்டையாக. அழுத்தினேன், அசையவில்லை. தட்டினேன், அசையவில்லை. எங்கள் ஊர் மண் எப்படி என்றால், எங்கே தோண்டினாலும் கல்தான் வரும். சுண்ணாம்புக் கல், நத்தைச் சுருள் போட்ட கல், கிளிஞ்சல் ஒட்டிய கல் என்று விதவிதமாக வரும். எப்போதோ இங்கே கடல் இருந்ததாம். பிறந்ததிலிருந்து கல்லைத் தடவியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

“கல்லு!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.

பக்கத்தில் குனிந்திருந்த அக்கா என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார். தடவினார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

“கல்லு இல்ல புள்ள.”

“அட கல்லுதான்க்கா. அசையவே இல்ல.”

“அசையலன்னா கல்லுன்னு யாரு சொன்னா? சும்மா படுத்துக் கெடக்கும். நீ பட்டுன்னு கைய எடுத்துட்ட.”

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒரு தட்டு அகலத்துக்கு ஒரு ஆமையைத் தூக்கினார்! அன்றைக்குக் கிடைத்ததிலேயே அதுதான் பெரியது. எல்லோரும் கைதட்டினார்கள். “டாக்டருக்கு அரைதான் தெரியும், மீதி அரை அக்காவுக்குத் தெரியும்!” என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன்.

சிரிப்பு வரவில்லை. ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற அக்காவையே பார்த்தேன். பம்புசெட்டு ஞாபகம் வந்தது. புளியங்கொட்டை ஞாபகம் வந்தது. வலிக்கவில்லை என்றதும் பட்டென்று கையை எடுத்தவள் நான்தானே! அசையவில்லை, அதனால் கல். வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை.

“அக்கா, அந்தக் கட்டி இன்னும் இருக்கா?”

அக்கா ஆமையைச் சாக்கில் வைத்தபடியே, “அது எங்க போவும்? இருக்கு. கொஞ்சம் பெருசாயிருக்கு. நீதான் ஒண்ணுமில்லன்னியே,” என்றார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

அடுத்த நிமிஷம் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மத்தியானப் போட்டோ எடுக்கச் சொல்லிச் செல்போனை ஒருத்தியிடம் தூக்கிப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது. “ஏ புள்ள, காலாவது கழுவிட்டு வரேன்டி,” என்று அக்கா கெஞ்சினார். நான் விடவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “ரெண்டு பேரும் வயல வூட்டுல வுட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? உக்காராதீங்க, சீட்டு நாறிப்போவும்,” என்று சத்தம் போட்டார். நின்றுகொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அங்கே நர்ஸம்மா திரைக்குப் பின்னால் அக்காவை உட்கார வைத்துப் பார்த்தார். மூன்று விரலைச் சேர்த்துப் பட்டையாக வைத்து, வட்டம் வட்டமாக, முதலில் லேசாக, பிறகு அழுத்தி, வரிசை விடாமல், அக்குள் வரைக்கும். அக்கா திரைக்கு உள்ளேயிருந்தே, “புள்ள, காக்கிப் பொண்ணு ஏரியில சொல்லிக்குடுத்ததேதான் இதுவும்!” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரும் வந்து பார்த்தார். மார்பில் வருகிற கட்டியில் முக்கால்வாசி பயப்படுகிற கட்டியாக இருக்காது, ஆனால் அது எந்தக் கட்டி என்று கையால் தொட்டுச் சொல்ல யாராலும் முடியாது, தன்னாலும் முடியாது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன், ஊசி போட்டு எடுக்கிற சோதனை எல்லாம் ஆயின. சில நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆரம்பம் என்றார்கள், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருச்சியில் தேதி கொடுத்தார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அக்கா ஒரு காரியம் செய்திருந்தார். வீட்டில் கேட்டபோது, அந்தக் கட்டியை ஏரியில் ஆமை எடுத்த அன்றைக்குத்தான் முதன்முதலில் கவனித்ததாகச் சொல்லிவிட்டார். ஏன் தெரியுமா? என்னைக் காப்பாற்ற! நான் சொன்ன வைத்தியம் வெளியே தெரிந்தால் என்னைத் திட்டுவார்கள் என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஆமையைத் தொட்ட அன்றைக்கே கட்டி வந்துவிட்டது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மார்போடு அணைத்துத் தூக்கினாளே, அதே இடத்தில்தான் வந்திருக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். ஏரியில் இறங்கின மற்றப் பெண்களை வீட்டுக்காரர்கள் வேலைக்கு அனுப்பப் பயந்தார்கள். கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா முறை, நல்ல மனுஷன்தான், பயத்தில் உடுக்கை அடித்துக் குறி சொல்கிற ஒரு கோடாங்கியை அழைத்து வந்துவிட்டார். தோஷம் கழிய ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வீட்டுப் படி தாண்டக் கூடாது, கத்தி படக் கூடாது என்று கோடாங்கி சொன்னார். ஆபரேஷனுக்கு இன்னும் ஐந்தே நாள்!

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். உடுக்கைச் சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போய்ச் சொன்னால் பதினைந்து வருஷப் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவார். தெருவைத் தாண்டி எப்படிப் போனேன் என்றே தெரியவில்லை, கூட்டத்துக்கு நடுவில் நின்றேன்.

“மாமா, உடுக்கைய நிறுத்தச் சொல்லுங்க! ஆமையைத் தொட்டது பங்குனியில. கட்டி தையிலேயே இருந்துச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அக்கா எங்கிட்டக் காட்டுச்சு. நான்தான் கொழுப்புக் கட்டி, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டேன். நான் அப்பவே கூட்டிக்கிட்டுப் போயிருக்கணும். குத்தம் ஆமை மேல இல்ல மாமா, என் மேல.”

உடுக்கை நின்றது. மாமா என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்து, “இனிமே இந்த வாசல்ல கால வைக்காத,” என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து அக்கா வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

“அவளை ஏன் திட்டுறீங்க? அவ சொன்னா, நான் கேட்டுக்கிட்டேன், எனக்கும் ஆஸ்பத்திரின்னா பயம். சேத்துக் காலோட என்னை இழுத்துக்கிட்டு ஓடுனவளும் அவதான். அந்த ஆமை மட்டும் அன்னிக்கு அகப்படாம இருந்திருந்தா இன்னும் நான் சும்மாத்தான் இருந்திருப்பேன். வியாழக்கெழம நான் திருச்சிக்குப் போறேன். நீங்க வரீங்களா, இல்ல இவளையே கூட்டிக்கிட்டுப் போவட்டுமா?”

மாமா கோடாங்கிக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை விடியற்காலை மஞ்சப் பையில் துணியை மடித்து எடுத்துக்கொண்டு அவரே அக்காவைக் கூட்டிப்போனார். நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை.

மார்பை முழுதாக எடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். அப்புறம் ஊசி மருந்து, கரண்ட் வைத்தியம் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு என்று பல மாதம். முடி கொட்டியது, வாய் புண்ணானது, சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் நான்தான். மூன்றாவது முறை போனபோது மாமா எனக்கும் சேர்த்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

போன ஐப்பசியில் மழை கொட்டியது. தூர் வாரின ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தது! வேடிக்கை பார்க்க ஊரே கரையில். அக்காவுக்கு முடி குட்டை குட்டையாக முளைத்திருந்தது. மதகுப் பக்கம் தண்ணீரில் ஒரு நீட்டின மூக்கு மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனது. எங்களிடம் தப்பின ஆமையோ, பக்கத்து ஊர் ஏரியிலிருந்து வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்ததோ, யாருக்குத் தெரியும்! “அந்தா, அந்தா!” என்று நான் போட்ட கூச்சலில் பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருத்திகூடச் சகுனம் என்று முகத்தைத் திருப்பவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை நர்ஸம்மா எங்கள் வேலை நடக்கிற இடத்துக்கே வருகிறார். சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் பெண்கள் மட்டும் உட்காருவோம். எப்படித் தடவிப் பார்ப்பது என்று நர்ஸம்மா சொல்ல ஆரம்பித்தால், எங்கள் பேசாத அக்கா எழுந்து, “சேத்துல தேடுனோமே, அந்த மாதிரிதான்டி. வரிசை வுட்டுறாதீங்க,” என்று கையை வைத்துக் காட்டுகிறார். வெட்கப்பட்டுச் சிரிக்கிறவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள்.

என்னை யாரும் இப்போது அரை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, அக்குளில் என்னமோ நெரடுவதாக என் காதில் வந்து சொன்னாள். பழைய ஞாபகத்தில் கை தானாக நீண்டது, வாயில் ஒரு மாத்திரையின் பெயர்கூட வந்துவிட்டது. கையை மடக்கிக்கொண்டு, “எனக்குத் தெரியாதும்மா. இரு, நானும் கூட வரேன், போயிக் கேட்டுட்டு வந்துருவோம்,” என்றேன். எல்லாம் தெரியும் என்று சொல்லிப் பதினைந்து வருஷம் வாங்கின பெயரைவிட, தெரியாது என்று சொல்லிவிட்டு அவளோடு கிளம்பச் செருப்பை மாட்டின அந்த நிமிஷம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.